ஓடும்வரை ஓடட்டும்

தை மாதம் சென்னியப்பன் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலேயே, அவன் யாருக்கு மாற்றாக எடுக்கப்பட்டிருக்கிறான் என்பதை என்ஜினியர் ரவீந்திரன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“மெயின்டனன்ஸ்ல தர்ஷினின்னு ஒரு டெக்னீசியன் இருக்காங்க. நீங்க அவங்களுக்கு ஸ்பேர்.”

“ஸ்பேருங்களா?”

“ஒரு பேரிங் போகப்போகுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே இன்னொண்ணு வாங்கி வைக்கறோம் இல்லையா, அந்த மாதிரி.”

“அந்தப் பொண்ணு வேலைய உட்டுட்டுப் போகுதுங்களா?”

“தெரியாது. ஆடிக்கு மேல, தீபாவளிக்குள்ள நின்னுடுவாங்க. அவ்வளவுதான் வந்திருக்கு.”

“நின்னுடுவாங்கன்னா?”

“வேலைக்கு இருக்க மாட்டாங்க. ராஜினாமா பண்ணலாம், கல்யாணமாகிப் போகலாம், உடம்பு முடியாமப் போகலாம். வேற ஏதாவதும் ஆகலாம். காரணம் சொல்லாது. பேரிங்குக்கும் அது காரணம் சொல்றதில்லை.”

‘அது’ என்று அவர் சொன்ன கணினி நிரலுக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆலையில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஜோசியர் என்றே அழைத்தார்கள். பெருந்துறைக்குப் பக்கத்திலிருந்த அந்த பிஸ்கட் ஆலையில் ஒவ்வொரு மோட்டாரின் மேலும், ஒவ்வொரு கியர்பாக்ஸின் மேலும் சட்டைப் பித்தான் அளவில் ஒரு காது ஒட்டப்பட்டிருந்தது. அதிர்வு, சூடு, இரைச்சல் எல்லாவற்றையும் ஜோசியர் கேட்டுக்கொண்டே இருந்து, எந்த உறுப்பு எப்போது போகும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது. பிறகு தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. இயந்திரம் நிற்பது முன்கூட்டியே தெரிகிறது. அதைப் பழுதுபார்க்கிற ஆள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறானே என்று. வருகைப் பதிவுக்காக எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை ஜோசியரோடு இணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ஆட்களையும் கேட்கத் தொடங்கினார்.

“அந்தப் பொண்ணுக்கு இது தெரியுங்களா சார்?”

ரவீந்திரன் கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர்.

“பேரிங்கிட்டப் போய் நாம சொல்றதில்லையே” என்றார்.

“எனக்கு மட்டும் எதுக்குங்க சொல்றீங்க?”

“எந்த மெஷினுக்குன்னு ஸ்பேர்ல எழுதியிருக்கணும்ல. அவங்க நின்னுட்டா அந்த இடம் உங்களுக்கு நிரந்தரம். நிக்கலைன்னா பயிற்சி முடிஞ்சதும் உங்களை அனுப்பிடுவோம். ஒரே இடத்துல ரெண்டு பேரிங் போட முடியாது பாருங்க.”

சென்னியப்பன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. இருபது வருடங்களாக நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தவன். வண்டிகளிடமிருந்து வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளே நேராக வசூலிக்கத் தொடங்கிய பிறகு கூண்டையும் எடுத்துவிட்டார்கள், அவனையும் எடுத்துவிட்டார்கள். நாற்பது கடந்தவர்களுக்கு இன்னொரு தொழில் கற்றுக்கொடுக்கும் அரசுத் திட்டத்தில் விண்ணப்பித்து, வெகுநாள் காத்திருந்து கிடைத்த பயிற்சி இது. ஒரு பெண்ணின் கெடு முடிவதற்குக் காத்திருக்க வேண்டிய வேலை என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கவில்லை.

தர்ஷினிக்கு இருபத்தேழு வயது இருக்கும். குள்ளமான உருவம், தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் ஸ்பேனர்கள் தொங்கும் பெல்ட். அவனைப் பார்த்ததும் ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துக் கையில் வைத்தாள்.

“இது உங்க பூட்டுங்ணா. மெஷினுக்குள்ள கைய உடறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச்சுல இத மாட்டி, சாவிய நீங்க பாக்கெட்ல போட்டுக்கோணும். நீங்களா வந்து தொறக்கற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் மெஷின ஓட்ட முடியாது.”

“அவசரம்னு சாவிய ஆராச்சும் கேட்டா?”

“உசுரக் கேக்கறாங்கன்னு அர்த்தம். குடுக்காதீங்.”

அவன் சொல்லிக்கொள்ளும்படியான மாணவன் இல்லை. இருபது வருடம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. ரயில்பெட்டி நீளத்துக்கு இருந்த அடுப்பின் மேல் ஏறினால் முழங்கால் முனகியது. நட்டைக் கழற்றச் சொன்னால் இறுக்கிவிடுவான். ஆனாலும் தர்ஷினி சலித்துக்கொள்ளவில்லை. நீளமான திருப்புளியின் நுனியை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னாள்.

“ஜோசியருக்குத்தான் கேக்குதுங்களே, அப்பறம் நமக்கெதுக்குங்க?” என்று கேட்டான்.

“அவரு எப்பப் போகும்னு கேப்பாரு. நாம இப்ப எப்புடி இருக்குதுன்னு கேக்கறமுங்ணா.”

மாலையில் வீடு திரும்பும்போது அவன் மேல் சர்க்கரையும் வனஸ்பதியும் வெந்த வாசனை அடித்தது. தெருநாய்கள் அவனுக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கின. மனைவி மரகதத்திடம் அவன் எதையும் மறைக்கிறவன் இல்லை என்பதால் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் கேட்டதும் “அடப் பாவமே” என்றாள். மறுநாள் சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது, “அந்தப் பொண்ணு எப்புடி இருக்குது?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குது.”

“ஓ” என்றாள் மரகதம்.

அந்த ‘ஓ’ இரண்டு பேருடைய காதிலும் விழுந்தது. அடுத்த நாள் காலை அவள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தாள். ஒன்று தர்ஷினிக்கு. அதற்கப்புறம் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

சென்னியப்பன் தர்ஷினியைக் கவனித்தபடியே இருந்தான். அவள் இருமினால் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். இருமல் நின்றால் அது ஏன் நின்றது என்று யோசித்தான். அவள் போனில் சிரித்துப் பேசினால் கல்யாணமாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டான். அவள் அம்மாதான் பேசினாள் என்று தெரிந்ததும் சோர்ந்துபோனான். உயரத்தில் ஏறினால் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான், ஏணி சுவரோடு பற்றவைக்கப்பட்டிருந்தபோதிலும்.

பங்குனி வாக்கில் ஒருநாள் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் சிந்தியிருந்த தரையில் அவள் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் அவள் ஷூவைப் பார்த்தான். அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்து, தோசைக்கல் மாதிரி இருந்தது.

“புதுசு கேட்டு மூணு மாசமாச்சுங்ணா. ஸ்டோர்ல வரலைன்னுட்டே இருக்காங்க.”

அவன் ஸ்டோருக்குப் போனான். அங்கே குழந்தைசாமி என்பவர் இருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய ஷூ பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“இருக்குதுங்களே?” என்றான் சென்னியப்பன்.

“இருக்குது. அந்தப் பொண்ணு பேருக்குப் போட்டா சிஸ்டம் வாங்க மாட்டேங்குது. நிலுவைன்னு காட்டுது. நான் என்ன பண்ணட்டும்?”

ரவீந்திரனிடம் போய்க் கேட்டான். அவர் நாற்காலியில் சாய்ந்து, பொறுமையாக விளக்கினார்.

“போகப்போற பேரிங்குக்குக் கிரீஸ் போடறது வீண்தானே. அது ஒரு பொது விதி. ஆயுசு முடியப்போற எந்த உறுப்புக்கும் ஜோசியர் செலவு ஒதுக்க மாட்டார். ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுடுவார்.”

“அது பேரிங்குங்க சார்.”

“விதி ஒண்ணுதான். ஆட்களுக்குன்னு தனியா எழுதலை.” பிறகு அவரே கொஞ்சம் வருத்தத்தோடு சேர்த்துச் சொன்னார். “எழுதியிருக்கலாம்.”

அதற்குப் பிறகுதான் சென்னியப்பனுக்கு மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. எல்லா டெக்னீசியன்களையும் புதிய பேக்கிங் இயந்திரத்துக்கான பயிற்சிக்குப் புனே அனுப்பினார்கள், அவளை அனுப்பவில்லை. ஆள் வராத ஷிப்டுகளெல்லாம் அவள் தலையில் விழுந்தன. லீவு கேட்டால் நிலுவை. அவள் வாதாடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

சித்திரையில் பிஸ்கட் ஆறவைக்கும் பெல்ட்டின் கடைசி உருளையில் ஒரு பேரிங் போகப்போவதாக ஜோசியர் சொல்லிவிட்டார். புதியது வந்து மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. தர்ஷினி தினமும் அந்தப் பக்கம் போகும்போது கிரீஸ் துப்பாக்கியை எடுத்து, கெடு சொல்லப்பட்ட அந்த பேரிங்குக்கு இரண்டு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

“போடக்கூடாதுன்னு விதியாமுங்க” என்றான் சென்னியப்பன்.

“கத்திட்டிருக்குதுங்ணா. கத்தறதக் கேட்டுட்டு எப்புடிங் சும்மா போறது?”

சொன்ன வாரம் வந்தது, போனது. பேரிங் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமும் ஓடியது. புதிய பேரிங் மேஜை மேலேயே தூசி படிந்து கிடந்தது. சென்னியப்பன் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் எதிர்காலத்தை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததில்லை. கனமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவன் ஸ்டோருக்குப் போய்த் தன் பெயரில் ஷூ கேட்டான்.

“சைஸ்?” என்றார் குழந்தைசாமி.

“நாலு.”

குழந்தைசாமி மேஜைக்கு மேலாக எட்டி அவன் காலைப் பார்த்தார். அது எப்படிப் பார்த்தாலும் ஒன்பது.

“சேர்ந்தப்ப ஒன்பதுன்னு போட்டிருக்குதே?”

“வேலை செஞ்சு இளைச்சுப்போச்சுங்க.”

குழந்தைசாமி நாலாம் நம்பர் பெட்டியை எடுத்து வைத்தார்.

அவள் தலையில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுகளில் சிலவற்றையும் அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். பயிற்சியில் இருக்கிறவன் அதிகம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று ரவீந்திரன் மெச்சினார். தர்ஷினிதான் சந்தேகப்பட்டாள். ஒருநாள் கேன்டீனில், மரகதம் கட்டிக்கொடுத்த கொள்ளுப்பருப்புச் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏனுங்ணா, உங்களுக்கு என்ன வேணும்? சோறு கொண்டாறீங்க, ஷூ வாங்கித் தர்றீங்க, நான் தும்முனா மூஞ்சி வெளுத்துப்போவுது. தப்பான ஆளுன்னு சொல்லவும் முடியல. அக்காவேதான் சோறு போட்டு உடறாங்க.”

சென்னியப்பன் தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான். ஜோசியர் சொன்னது, ஆடி, தீபாவளி, தான் எதற்கு வந்தவன் என்பது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

“அதனாலதான் புனேக்கு அனுப்பலீங்களா?” என்றாள்.

“ஆமா அம்மிணி.”

“எனக்கு வேலை சரியாத் தெரியலைன்னு நெனச்சுட்டிருந்தேன்.” அவள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். “மாசக்கணக்கா டெய்லி நெனைப்பேன். எல்லாத்துக்கும் கெடைக்குது, எனக்குக் கெடைக்கலையே, நான் என்ன தப்புப் பண்ணேன்னு. செத்துப்போவேன்னு சொல்றீங்க. அதுக்கு இது பரவால்லீங்ணா.”

“செத்துப்போவேன்னு சொல்லல கண்ணு. நின்னுருவேன்னுதான்…”

“தெரியுதுங்ணா” என்றாள் தர்ஷினி. டிபன் பாக்ஸை இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

ஆடி பிறந்தது. சென்னியப்பன் தர்ஷினியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. தீபாவளிக்கான ஆர்டர் வந்து குவிந்து, ஆலை நிற்காமல் ஓடியது. ஒருநாள் மாவுத்தொட்டியைத் தூக்கும் பாரந்தூக்கியின் அடியில் மாவு கட்டிப்போய்விட்டது. அரை டன் மாவோடு தொட்டி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் போய்ச் சுரண்டிவிட்டு வரும்படி தர்ஷினிக்கு உத்தரவு வந்தது. தூக்கியின் பிரேக்கும் ‘ஓடற வரைக்கும் ஓடட்டும்’ வரிசையில் இருந்தது சென்னியப்பனுக்குத் தெரியும். தீபாவளிக்குப் பிறகு மாற்றுவதாக இருந்தார்கள்.

அவள் குனிவதற்குள் அவன் ஓடிப்போய்த் தன் சிவப்புப் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்டினான். அவளைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய், ஒரு டீ சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

உற்பத்தி வரிசை முழுக்க நின்றது. அடுப்புக்குள் இருந்த பிஸ்கட்டெல்லாம் கருகின. சூப்பர்வைசர் வந்து கத்தினார். ரவீந்திரன் வந்து கெஞ்சினார்.

“சாவியைக் குடுங்க சென்னியப்பன்.”

“பிரேக்கக் கழட்டிப் பாருங்க சார். பாத்துட்டு வந்து சொல்லுங்க, தர்றேன்.”

வேறு வழியில்லாமல் தொட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்துப் பிரேக்கைக் கழற்றினார்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. புத்தம் புதிது போல இருந்தது. இன்னும் இரண்டு தீபாவளிக்குத் தாங்கும் என்று கழற்றியவர் சொன்னார். ஜோசியர் அதை ஏன் அந்த வரிசையில் சேர்த்தார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. சென்னியப்பன் சாவியைக் கொடுத்தான். உற்பத்தியை நிறுத்துவதற்கு உதிரி பாகங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று அன்று மாலை அவனுக்கு எச்சரிக்கை வந்தது.

அவமானமாக இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவனிடம் தர்ஷினி வந்தாள்.

“பிரேக்கு நல்லாத்தான் இருந்துதாமா” என்றான் அவன்.

“கேட்டேங்ணா.”

“என்னால உனக்கும் கெட்ட பேரு.”

“எனக்காக யாரும் ஒரு ஃபேனக்கூட நிறுத்துனதில்லீங்ணா” என்றாள் அவள். “இத்தன பெரிய லைன நிறுத்திட்டீங்க.” சற்று நின்று, “வர்ற ஞாயிறும் அதுக்கடுத்த ஞாயிறும் என் ஷிப்ட நீங்க பாத்துக்குவீங்களா?” என்று கேட்டாள்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காக இருக்குமோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

ஆவணி முடியும்போது அவளே சொன்னாள். அந்த இரண்டு ஞாயிறும் அவள் தூத்துக்குடிக்குப் போயிருந்தாள். அங்கே மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஒரு ஷிப்டின் பராமரிப்பு முழுவதையும் அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளை நேர்காணல் செய்த அம்மாள், அவள் போட்டிருந்த ஷூவைப் பார்த்து, உங்கள் ஆலையில் ஆட்களை நன்றாக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றாராம்.

“அங்க ஜோசியர் இருக்காருங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“இல்லீங்ணா. இன்னும் வாங்கல. மெஷினெல்லாம் திடீர் திடீர்னு நின்னுபோவுதாம்.” அதை அவள் மிகுந்த ஆசையோடு சொன்னாள்.

அவள் கிளம்பிய அன்று மரகதம் பஸ் நிலையத்துக்கே வந்தாள். முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டிக்கொடுத்துவிட்டு, அதுவரை நேரில் பார்த்தே இராத அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. பஸ் போன பிறகு, “நல்லாத்தான் இருக்குது” என்று புருஷனிடம் சொன்னாள். அந்த முறை ‘ஓ’ என்று சொல்ல வேண்டியவன் அவன். சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ரவீந்திரன் சென்னியப்பனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான ஆணையைக் கொடுத்தார்.

“பார்த்தீங்களா? ஆடிக்கு மேல, தீபாவளிக்குள்ள. சொன்ன மாதிரியே நின்னுட்டாங்க.”

“நான் ஷிப்ட மாத்திக் குடுக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு இன்டர்வியூவுக்கே போயிருக்க முடியாதுங்க சார்.”

“அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கும்.”

“நான் மாத்திக் குடுப்பேன்னு தை மாசமே அதுக்கெப்புடிங்க தெரியும்?”

“விண்ணப்பம் போட்ட ஆயிரம் பேர்ல உங்களைப் பொறுக்கி எடுத்ததே அதுதானே” என்றார் ரவீந்திரன்.

தான் செய்ததில் எவ்வளவு தன்னுடையது என்று பிறகு நிதானமாக யோசித்துக்கொள்ளலாம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. ரவீந்திரன் ஆணையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைத் திரும்ப வாங்கி, மூக்கருகே கொண்டுபோனார். தலைக்கு மேலே டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது.

“ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இந்த லைட்டை மாத்தித் தரச் சொல்லி ரெண்டு மாசமாக் கேக்கறேன். கண் டாக்டரைப் பார்க்கணும்னு லீவு போட்டா அதுவும் நிலுவைன்னே வருது. சிஸ்டத்துல ஏதோ கோளாறு. நீங்க ஸ்டோர் பக்கம் போனா விசாரிங்க.”

சென்னியப்பன் அசையாமல் நின்றான்.

“நல்லவேளை, ஹெட் ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒரு அசிஸ்டென்ட் அனுப்பியிருக்காங்க. நான் கேக்கவே இல்லை, அவங்களா அனுப்பியிருக்காங்க. தங்கமான பையன். என்னைக் கண்டாலே எழுந்து நிக்கறான். நேத்து வீட்ல இருந்து கேரட் ஜூஸ் போட்டுக் கொண்டுவந்து குடுத்தான்னா பாருங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பது வயதுள்ள ஒருவன் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் பார்ப்பதை உணர்ந்து தலையைத் திருப்பியவன், சென்னியப்பனின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று குனிந்துகொண்டான். அந்தக் குனிதல் சென்னியப்பனுக்கு நன்றாகப் பழக்கமானது.

“சார், லீவெல்லாம் எழுதிக் கேக்காதீங்க” என்றான். “ஈரோட்டுல கண்ணாஸ்பத்திரி சாயங்காலம் வரைக்கும் இருக்குது. என்ற வண்டி வெளிய நிக்குது. வாங்க, போயிட்டு வந்துரலாம்.”

“இப்பவேவா? வேலை நேரத்துல?”

“ஆமாங்க.”

ரவீந்திரன் சிரிக்கப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த தலையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“சென்னியப்பன்” என்றார். “எனக்கு எப்ப வரைக்கும்னு உங்களுக்கு ஏதாவது…”

“எனக்குத் தெரியாதுங்க சார். இப்ப எப்புடி இருக்குதுன்னு பாத்துட்டு வருவோம்.”

வண்டி நிறுத்துமிடத்தில் மரகதத்தின் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான். ரவீந்திரன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டார். தாடைக்குக் கீழே கொக்கி எங்கே இருக்கிறது என்று அவர் விரல்களுக்குப் பிடிபடவில்லை. சென்னியப்பன் பக்கத்தில் போய், அவர் மோவாயை லேசாக நிமிர்த்தி, கொக்கியைப் பொருத்தி, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.